‘அடுத்த வருஷம் இங்க இருப்போமோ என்னவோ...’ - வாடகை வீட்டுக்கும் தன்னார்வப் பணிக்கும் என்ன சம்பந்தம்?

செப்டம்பர் கடைசி ஆகிவிட்டால் சென்னையின் பல தெரு வாட்ஸ்அப் குழுக்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒரு மெசேஜ் வரும். ‘ஞாயிறு காலை 7 மணிக்கு தெரு முனைல கூடுவோம். மழைநீர் வடிகால்ல எங்கெல்லாம் அடைப்பு இருக்குன்னு பார்த்து, போட்டோ எடுத்து, மாநகராட்சிக்கு லிஸ்ட் கொடுக்கணும்.’

முப்பது கட்டைவிரல் எமோஜி விழும். ஞாயிறு காலை வந்து நிற்பது ஏழெட்டுப் பேர். அந்த ஏழெட்டில் ஐந்தாறு பேர் தெருவில் பதினைந்து, இருபது வருஷமாகக் குடியிருப்பவர்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள் கண்ணில் படுவது அபூர்வம்.

‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்ல’ என்று பெருசுகள் முடித்துவிடுவார்கள். ஆனால் அது உண்மை என்றால் 2015 டிசம்பரை எப்படிப் புரிந்துகொள்வது? தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டித் தீர்த்த அந்த நாட்களில், முகநூலிலும் ட்விட்டரிலும் ஆள் சேர்த்து, டெம்போ பிடித்து, முன்பின் தெரியாத ஏரியாவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போனது பெரும்பாலும் இதே வாடகை வீட்டு இளைஞர்கள்தான்.

ஆக, பிரச்சினை அக்கறையில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. ஓர் இடத்தில் எத்தனை வருஷமாக இருக்கிறோம், இன்னும் எத்தனை வருஷம் இருப்போம் என்கிற கணக்கு, நாம் அந்த இடத்துக்காக இறங்கி வேலை செய்வோமா என்பதை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது? சமூகவியல், பொருளாதாரம், உளவியல் என்று பல துறைகளில் இதைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். விடை ‘ஆமாம், ஆனால்...’ என்றுதான் வருகிறது. அந்த ‘ஆனால்’தான் சுவாரசியம்.

தொட்டி மாற்றிய செடி

இந்த விவாதத்தில் முதலில் வரும் பெயர் ராபர்ட் புட்னம். அமெரிக்க அரசியல் அறிவியலாளர். அமெரிக்கர்கள் ஏன் சங்கம், கூட்டம், பொதுவேலை என எல்லாவற்றிலிருந்தும் விலகிப் போனார்கள் என்று ஆராய்ந்து 2000-ல் ‘பௌலிங் அலோன்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அடிக்கடி தொட்டி மாற்றப்படும் செடியோடு அடிக்கடி வீடு மாறும் மனிதரை அதில் ஒப்பிடுகிறார். வேர் பிடிக்க நேரம் வேண்டும் என்பது அவர் வாதம்.

அவர் காட்டும் ஒரு கணக்கைக் கவனியுங்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று நினைப்பவர்கள், இங்கேயே இருப்போம் என்று நினைப்பவர்களைவிட, வழிபாட்டுக்கோ சங்கக் கூட்டத்துக்கோ தன்னார்வ வேலைக்கோ வருவதற்கான வாய்ப்பு 20 முதல் 25 சதவீதம் குறைவு. இதில் முக்கியம், இதுவரை எத்தனை வருஷம் இருந்தார்கள் என்பது அல்ல. இனி எத்தனை வருஷம் இருப்போம் என்று *நினைக்கிறார்கள்* என்பது. பெட்டி கட்டுவதற்கு முன்பே மனசு காலி செய்துவிடுகிறது.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு, பலர் அதைச் சொல்வதில்லை. அமெரிக்கர்கள் வீடு மாறும் வேகம் 1950-களுக்குப் பிறகு கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது. எனவே பொதுவாழ்வு தேய்ந்ததற்கு ‘எல்லோரும் ஊர் ஊராக மாறுகிறார்கள்’ என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று புட்னமே கைவிரித்துவிட்டார். தனி மனிதர் அளவில் உண்மையாக இருப்பது, நாட்டு அளவில் விளக்கமாக ஆவதில்லை.

சொந்த வீடா, நீண்ட நாளா?

‘சொந்த வீடு இருந்தால்தான் பொறுப்பு வரும்’ என்பது நம் ஊரிலும் அடிக்கடி கேட்கும் வசனம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூட வரும்.

1999-ல் டெனிஸ் டிபாஸ்குவாலே, எட்வர்ட் கிளேசர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த வசனத்தைச் சோதித்தார்கள். அமெரிக்க, ஜெர்மானியத் தரவுகளைப் பார்த்தபோது, சொந்த வீட்டுக்காரர்கள் உள்ளூர் அமைப்புகளிலும் உள்ளூர்ப் பிரச்சினைகளிலும் அதிகம் ஈடுபடுவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு பத்திரத்தால் வருவதில்லை. சொந்த வீட்டுக்காரர்கள் ஒரே இடத்தில் நீண்ட நாள் தங்குகிறார்கள் என்பதால் வருகிறது. அதாவது பத்து வருஷமாக அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர் பல விதங்களில் சொந்த வீட்டுக்காரர் மாதிரியே நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்கலாம்.

பின்னர் ஓக்லஹோமா மாகாணத்தின் டல்சா நகரில் ஒரு களச் சோதனை நடந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களில் சிலருக்கு மட்டும், குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, வீடு வாங்கச் சேமிக்க மானியம் கொடுத்தார்கள். 2010-ல் வெளியான அதன் முடிவு: சொந்த வீடு கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் அவர்கள் அக்கம்பக்க வேலைகளில் கூடுதலாக இறங்கியதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

வீட்டுக் கடன் விளம்பரங்கள் இதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் ‘ஓனர்னா பொறுப்பு, டெனன்ட்னா ஊர்சுற்றி’ என்கிற அபார்ட்மென்ட் தத்துவத்துக்கு அறிவியல் ஆதாரம் மெலிதுதான்.

நாலு பேர், ஒரு மேசை

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஒருவேளை கலகலப்பானவர்கள், ஊரோடு ஒட்டுபவர்கள்தான் ஒரே இடத்தில் தங்கிவிடுகிறார்களோ? அப்படியானால் நீண்ட நாள் தங்குவது காரணம் அல்ல, விளைவு.

இந்த முடிச்சை அவிழ்க்க உளவியலாளர் ஷிகேஹிரோ ஒய்ஷியும் சகாக்களும் செய்த வேலை ரசிக்கும்படியானது. 2007-ல் வெளியான அந்த ஆய்வில் மூன்று விதமாகப் பார்த்தார்கள். மின்னசோட்டா மாகாணத்தில், கூடுதல் பணம் கட்டினால் வனவிலங்கு வாழிடப் பாதுகாப்புக்குப் போகும் ஒரு சிறப்பு வண்டி நம்பர் பிளேட் உண்டு. மக்கள் அதிகம் இடம்பெயராத பகுதிகளில் அதை வாங்கியவர்கள் அதிகம்.

அடுத்து பேஸ்பால். மக்கள் நிலையாகத் தங்கும் நகரங்களில் உள்ளூர் அணி தோற்றாலும் மைதானத்துக்குக் கூட்டம் வருகிறது. வந்து போவோர் அதிகமுள்ள நகரங்களில் அணி ஜெயித்தால்தான் டிக்கெட் போகிறது. (சேப்பாக்கத்தை வைத்து இதே கணக்கை யாராவது போட்டுப் பார்க்கலாம். ஐ.பி.எல். புள்ளிப் பட்டியலில் கீழே போன வருஷங்களும் இருக்கின்றனவே!)

மூன்றாவதுதான் முக்கியம். மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து வரிசையாகச் சில வேலைகள் கொடுத்தார்கள். சில குழுக்களில் கடைசிவரை அதே முகங்கள். மற்றவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் ஆட்கள் மாறினார்கள். கடைசியில் ஒருவர் திணறும்போது, உடன் இருந்தவர்கள் எவ்வளவு உதவினார்கள் என்று பார்த்தார்கள். ஆட்கள் மாறாத குழுவில் உதவி அதிகம்.

இங்கே யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை ஆய்வாளர்கள்தான் தீர்மானித்தார்கள். ‘நல்லவர்கள் தங்கிவிட்டார்கள்’ என்று சொல்ல வழியில்லை. சேர்ந்து இருந்த நேரமும் சில வருஷங்கள் அல்ல; சற்று நேரம்தான். ‘இவங்களோடதான் கடைசிவரை’ என்ற உணர்வே கொஞ்சம் வேலை செய்கிறது.

தங்கினால் என்ன நடக்கிறது?

முதலில், தகவல் சேருகிறது. எந்த மேன்ஹோல் மூடி உடைந்திருக்கிறது, எந்த வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார், கரண்ட் போனால் எந்த லைன்மேனைக் கூப்பிட வேண்டும் - இதெல்லாம் கூகுள் மேப்பில் இல்லை. ஒரு மழைக்காலத்தையாவது அங்கே கழித்தால்தான் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறும் என்று தெரியும். தெரியாத விஷயத்துக்கு யாரும் தன்னார்வலர் ஆக முடியாது.

அடுத்து, யாராவது கூப்பிட வேண்டும். தன்னார்வப் பணி பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: பலர் வேலையில் இறங்கியது, தெரிந்த ஒருவர் நேரில் கேட்டதால். புதிதாக வந்தவரை யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் பேரே தெரியாது. ‘செகண்ட் ஃப்ளோர் பேச்சிலர்ஸ்’ என்பது ஒரு பெயர் அல்ல.

இதற்குமேல் பலன் கணக்கு ஒன்று இருக்கிறது. தெருவில் இன்று மரக்கன்று நட்டால் நிழல் வர ஏழெட்டு வருஷம் ஆகும். 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அந்த நிழல் கிடைக்கப் போவதில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தின் பலனோ அன்றைக்கே தெரிந்துவிடும். பேரிடரில் பாய்ந்து வருபவர்கள் வடிகால் கணக்கெடுப்புக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார். ஓர் இடமோ அமைப்போ சரியில்லாமல் போனால் மனிதருக்கு இரண்டு வழிகள்: வெளியேறுவது அல்லது குரல் கொடுப்பது. வெளியேறுவது சுலபம் என்றால் குரல் குறையும். தண்ணீர் வரவில்லையா? சொந்த வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்துக்கு நடையாய் நடப்பார். வாடகைக்கு இருப்பவர் வீடு தேடும் செயலியைத் திறப்பார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. இருவரும் அவரவர் நிலையில் புத்திசாலித்தனமான காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு தெருவில் பாதிக்கு மேல் செயலியைத் திறப்பவர்களாக இருந்தால், தண்ணீர்ப் பிரச்சினை அப்படியே அடுத்து வரும் வாடகைக்காரருக்குப் போய்ச் சேரும்.

கோபேயில் தீயை நிறுத்திய தெரு

இது ஏதோ ஞாயிற்றுக்கிழமைக் காலை விவகாரம் என்று நினைத்தால், ஜப்பானைப் பார்க்க வேண்டும்.

1995 ஜனவரி 17, விடியற்காலை. கோபே நகரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரின் நாகாதா வார்டில் பெரும் தீ பரவியது. அந்த வார்டில் மனோ என்றொரு பகுதி. 1960-களில் தொழிற்சாலை மாசுக்கு எதிராக ஒன்றுசேர்ந்த மக்கள், அதற்குப் பிறகும் கலையாமல், தங்கள் பகுதியின் திட்டமிடலைத் தாங்களே பேசி முடிவுசெய்து வந்தவர்கள். நிலநடுக்கத்தன்று தீயணைப்பு வண்டிக்குக் காத்திருக்காமல் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றித் தீ பரவாமல் தடுத்தார்கள். அதே நகரின் மிகுரா பகுதியில் அப்படி ஒன்றுசேர ஆள் இல்லை. அங்கே தீ தன்னிஷ்டத்துக்கு எரிந்தது.

நிலநடுக்கத்தின் மையத்துக்கு அருகில் இருந்த அவாஜி தீவின் ஹொகுதான் ஊரில் இன்னொரு விஷயம் நடந்தது. இடிபாடுகளில் சுமார் 300 பேர் சிக்கியிருந்தார்கள். உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினரும் அக்கம்பக்கத்தினரும் அன்றைக்கே அவர்களைத் தேடி முடித்துவிட்டார்கள். எந்த வீட்டில் யார் எந்த அறையில் தூங்குவார்கள் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கடுத்த ஓராண்டில் நாடு முழுவதிலுமிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கோபே பகுதிக்கு வந்தார்கள். ஜப்பானில் 1995-ஐத் ‘தன்னார்வலர்களின் முதல் ஆண்டு’ என்றே குறிப்பிடுகிறார்கள். வெளியாட்கள் வந்தது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்குள் முதல் சில மணி நேரம் முடிந்துவிட்டிருந்தது. அந்த நேரத்தில் கையில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான்.

சென்னை 2015-லும் ஏறக்குறைய இதே கதை. தெருவுக்குள் படகு கொண்டு வந்து ஆட்களை மீட்டதில் மீனவர்களின் பங்கு பெரிது. தூரத்திலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் எந்த வீட்டு மாடியில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார் என்று படகுக்கு வழி காட்ட, அந்தத் தெருவை அறிந்த ஒருவர் வேண்டும்.

சரி, தங்க விடுகிறோமா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 சதவீதம் வாடகை வீட்டில் இருந்தன. வேலை தேடி வரும் இளைஞர்கள் குவியும் பெருநகரப் பகுதிகளில், குறிப்பாகப் பழைய மகாபலிபுரம் சாலை போன்ற ஐ.டி. வழித்தடங்களில், நிலைமை எப்படி இருக்கும் என்று அங்கே வீடு தேடியவர்களுக்குத் தெரியும்.

11 மாத ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது? 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க 11 மாதம் என்று எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆனாலும் 11 மாதம் போகவில்லை. ஒவ்வொரு 11 மாதத்துக்கும் ‘இருக்கீங்களா, காலி பண்றீங்களா?’ என்ற கேள்வி வரும்போது, புட்னம் சொன்ன ‘இனி எத்தனை நாள்’ கணக்கு வாடகைக்காரரின் மனசில் தானாகவே ஓட ஆரம்பிக்கிறது.

இதற்கு மேல் கதவுகளும் சாத்தியிருக்கின்றன. அபார்ட்மென்ட் சங்கம் என்பது சட்டப்படி உரிமையாளர்களின் சங்கம். ஐந்து வருஷமாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டி வரும் வாடகைக்காரருக்கு லிஃப்ட் மாற்றுவது பற்றிய முடிவில் வாக்கு இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஓனருக்கு இருக்கிறது. பொங்கல் விழாவில் நாற்காலி எடுத்துப் போட மட்டும் ‘தம்பி, கொஞ்சம் வாங்களேன்’. இதில் தன்னார்வம் எங்கிருந்து வரும்?

வாக்காளர் அட்டையும் இப்படித்தான். சொந்த ஊர் முகவரியிலேயே ஓட்டை வைத்திருப்பவர்கள் ஏராளம். தெருவிளக்கு எரியவில்லை என்று கவுன்சிலரிடம் போனால் சில இடங்களில் முதல் கேள்வியே ‘உங்க ஓட்டு எங்க இருக்கு?’ என்பதுதான். 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

இன்னொரு பக்கம், தங்க வேண்டும் என்று விரும்பியும் தங்க முடியாதவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு கரையோரக் குடியிருப்புகளிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. நகர மையத்திலிருந்து 20 கி.மீ.க்கும் மேல். தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தில் இருந்தவர்கள் எட்டு மாடிக் கட்டடங்களின் வெவ்வேறு பிளாக்குகளில் சிதறினார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அவசரத்துக்கு ஆட்டோ பிடிக்க, கைமாத்துக்குக் கேட்க இருந்த பக்கத்து வீடு போய்விட்டது. அரசின் கணக்கில் அவர்களுக்குக் கிடைத்தது கான்கிரீட் வீடு. இழந்தது எந்தக் கணக்கிலும் வரவில்லை. தன்னார்வப் பணி என்று யாரும் பெயர் வைக்காத ஒன்று அது. ஆனால் எந்தத் தொண்டு நிறுவனமும் அவ்வளவு எளிதில் ஈடுகட்ட முடியாத ஒன்று.

பழைய ஆட்கள் எல்லாம் நல்ல ஆட்களா?

இதுவரை படித்தால், நீண்ட நாள் தங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றலாம். அப்படி இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்றொரு பகுதி இருந்தது. பெரும்பாலும் இத்தாலிய வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள். பல வருஷமாக அங்கேயே வாழ்ந்தவர்கள். உறவும் நட்பும் பின்னிக் கிடந்த இடம். ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் 1950-களின் இறுதியில் அந்தப் பகுதியை இடிக்க வந்தபோது, அவர்களால் ஒன்றுசேர்ந்து தடுக்க முடியவில்லை. அங்கே குடியிருந்து ஆய்வு செய்த ஹெர்பர்ட் கான்ஸ் 1962-ல் இதைப் புத்தகமாக எழுதினார். 1973-ல் மார்க் கிரானவெட்டர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். அவர்களுடைய உறவுகள் எல்லாம் நெருக்கமானவை, ஆனால் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் அடைபட்டவை. ஒரு வட்டத்தையும் இன்னொரு வட்டத்தையும் இணைக்கும் ‘சும்மா தெரியும்’ அளவிலான அறிமுகங்கள் போதவில்லை.

நம் கடற்கரையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டம் நாகப்பட்டினம். அங்கே மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கிராமங்கள் மீண்டெழுந்த விதத்தை டேனியல் ஆல்ட்ரிச் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். இவர் 2005-ல் நியூ ஆர்லியன்ஸில் கத்ரீனா புயலில் தன் வீட்டையே இழந்தவர். மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் வலுவாக இருந்த இடங்களில் நிவாரணம் வேகமாக வந்தது. யாருக்கு என்ன போனது என்று பட்டியல் போட, தொண்டு நிறுவனங்களோடு பேச, பொருட்களைப் பங்கிட அங்கே ஆள் இருந்தது. ஆனால் அதே பஞ்சாயத்தின் பட்டியலில் தலித்துகள், கணவரை இழந்த பெண்கள், முதியவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் விடுபட்டுப் போனார்கள். காலங்காலமாக அதே மண்ணில் இருந்தும் ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் வராதவர்கள் அவர்களில் உண்டு.

குடிமராமத்தையும் இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஏரிப் பாசனக்காரர்கள் ஆளுக்கொரு நாள் வந்து கரையைப் பலப்படுத்தி, மதகைச் சரிசெய்து, வாய்க்காலைத் தூர்வாருவது. இன்று அது ‘பொற்காலத்து மக்கள் பங்கேற்பு’ மாதிரி பேசப்படுகிறது. 1858-ல் ஆங்கிலேய அரசு இதற்காகப் போட்ட சட்டத்தின் பெயரோ ‘மெட்ராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்’. வராவிட்டால் என்ன ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யார் மண் சுமப்பது, யார் நிழலில் நின்று வேலை வாங்குவது என்பதும் பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவானது. நீண்ட நாள் ஒன்றாக இருப்பது உதவியையும் உண்டாக்கும், அழுத்தத்தையும் உண்டாக்கும். வெளியேறும் வழி இல்லாத இடத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ஊர் மாறி வந்த பெண்கள்

இந்தக் கணக்கில் பாதிப் பேர் விடுபட்டிருக்கிறார்கள். 2020-21 காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 47.9 சதவீதம் பேர் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். ஆண்களில் இது 10.7 சதவீதம்தான். அப்படி இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதத்தினருக்குக் காரணம் கல்யாணம்.

அதாவது, ‘பிறந்து வளர்ந்த ஊர், நாலு பேரைத் தெரியும்’ என்ற முதலீட்டை ஒருமுறை மொத்தமாக விட்டுவிட்டு, புதிய ஊரில் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிப்பது பெரும்பாலான பெண்களுக்கு வாழ்க்கையின் சாதாரண நிகழ்வு. தொட்டி மாற்றுவது பற்றி இவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கொரோனாவால் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அதே குடியிருப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு பிளஸ் 2 படித்திருந்தால் போதும். வாழ வந்த ஊரில் ‘இன்னார் மருமகள்’ என்று மட்டும் அறியப்பட்ட பலர் ‘டீச்சரக்கா’ ஆனார்கள். (மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு இத்தனை உழைப்பை வாங்கிவிட்டு ‘தன்னார்வம்’ என்று பெயர் வைக்கலாமா என்பது தனி விவாதம். நடக்க வேண்டிய விவாதம்.)

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஊரில் வேர்விட்ட பிறகு தன்னார்வலர் ஆகவில்லை. தன்னார்வலர் ஆனதால் வேர்விட்டார்கள். எத்தனை வருஷம் இருந்தார்கள் என்பதைவிட, யாராவது கூப்பிட்டார்கள், கூப்பிட்ட வேலை தெளிவாக இருந்தது, தெருவிலேயே செய்யக்கூடியதாக இருந்தது என்பவை அங்கே முக்கியமாக இருந்திருக்கின்றன.

எத்தனை பேர்தான் செய்கிறோம்?

2019-ல் தேசிய புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத் தன்னார்வப் பணியும் பயிற்சிப் பணியும் சேர்ந்த வகையில் ஒரு நாளில் ஈடுபட்டவர்கள் 2.4 சதவீதம். ‘நேற்று 24 மணி நேரத்தில் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கும் முறை அது. வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு ஏரிக்கரைக்குப் போகிறவர் அதில் சிக்க மாட்டார். பக்கத்து வீட்டுத் தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அதைத் ‘தன்னார்வப் பணி’ என்று சொல்லியிருக்கவும் மாட்டார். எனவே இந்த எண்ணைப் பார்த்து ரொம்பப் பதற வேண்டாம்.

இரண்டு வருஷமே இருப்பவர் என்ன செய்யலாம்?

நீண்ட நாள் இருப்பவருக்குத் தெரிந்தது புதியவருக்குத் தெரியாது. புதியவருக்குத் தெரிந்ததும் பழையவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கிரானவெட்டர் சொன்ன மாதிரி, வெளி வட்டத்தோடு தொடர்பு வைத்திருப்பவர் பெரும்பாலும் புதியவர்தான். வடிகால் அடைப்பு எங்கே என்று 20 வருஷவாசிக்குத் தெரியும். அதை இருப்பிடத்தோடு குறித்து, படத்தோடு ‘நம்ம சென்னை’ செயலியில் ஏற்றி, புகார் எண்ணைத் தொடர்ந்து துரத்த 25 வயதுக்காரருக்கு அரை மணி நேரம் போதும். 1913-க்குப் போன் போட்டுக் காத்திருக்கும் வேலையையும் பிரித்துக்கொள்ளலாம்.

சங்கங்களின் பக்கம் செய்ய வேண்டியது அதிகம். குடிவந்த முதல் வாரத்தில் பராமரிப்புக் கட்டணத்துக்கான க்யூஆர் கோடு அனுப்புவதோடு, பேரையும் என்ன தெரியும் என்பதையும் கேட்கலாம். வாக்குரிமை தர சட்டம் இடம் தராவிட்டாலும், மழைக்காலக் குழு, குப்பைப் பிரிப்புக் குழு போன்றவற்றில் வாடகைக்காரர்களைச் சேர்க்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ‘எப்ப வேணா வாங்க’ என்ற பொதுவான அழைப்புக்கு யாரும் வருவதில்லை. ‘சனிக்கிழமை ஒரு மணி நேரம், இந்த நாலு வீட்டுப் பெரியவங்க போன் நம்பரையும் மருந்து விவரத்தையும் எழுதி வாங்கணும்’ என்றால் வருவார்கள். இரண்டு வருஷத்தில் அவர் கிளம்பினாலும் அந்தப் பட்டியல் தெருவிலேயே இருக்கும்.

வாக்காளர் அட்டை முகவரியை மாற்ற இப்போது படிவம் 8 போதும். வாக்காளர் சேவை இணையதளத்திலேயே செய்யலாம். மாநகராட்சி வார்டுகளில் 2022 நவம்பர் 1 முதல் ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. சொந்த ஊர் முகவரியிலேயே ஓட்டு இருப்பவர் அங்கே போய் வடிகாலைப் பற்றிப் பேசினால், அடுத்த தேர்தல் கணக்கில் அந்தக் குரலுக்கு எடை குறைவு. வீட்டு ஓனரிடம் ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குப் பதில் மூன்று வருஷத்துக்குப் போடக் கேட்பது இன்னும் கஷ்டமான வேலை. எப்படியும் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, 11 மாதத்தில் ஓனருக்கு மிச்சமாகும் அலைச்சலும் பெரிதாக இல்லை. வாடகை உயர்வு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிக்கொண்டால், வருஷா வருஷம் புரோக்கர் கமிஷன் கொடுக்கும் தொல்லையும் இரு தரப்புக்கும் இல்லை.